கெட்டில்பெல், கர்லாக்கட்டை, ரப்பர் பேண்ட் மூன்றையும் சேர்த்து வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது?

மதுரையில் மாடி வீடு, 16 கிலோ கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) ஒன்று, 3 கிலோ கர்லாக்கட்டை ஒன்று, நீள வளைய ரப்பர் பேண்ட் ஒன்று. மூன்றையும் தினமும் ஒரே மூச்சில் செய்கிறேன், முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிற சாமானே தாராளம். வரிசைதான் தப்பு.

ஸ்விங் (குண்டைக் கால்களுக்கு இடையிலிருந்து முன்னால் வீசுவது), கட்டை சுற்றுவது, பேண்ட் இழுப்பது மூன்றுமே கையின் பிடி வலுவைத் தின்கிற வேலைகள். காலும் முதுகும் களைப்பதற்கு முன்பே விரலும் முன்கையும் சோர்ந்துவிடும். அதற்குப் பிறகும் கட்டையைச் சுற்றினால் பாரம் மணிக்கட்டிலும் முழங்கைத் தசைநாரிலும் போய் உட்காரும். அதனால் ஸ்விங்கும் கட்டையும் ஒரே நாளில் வேண்டாம். திங்கள், வெள்ளி கெட்டில்பெல், புதன் கட்டை. மற்ற நாட்களில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தால் போதும்.

3 கிலோதானே என்று கட்டையை லேசாக எடைபோடாதீர்கள். அதைப் படுக்கவாட்டில் ஒரு விரல்மேல் வைத்து, சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடம் பிடியிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தால், கிடையாக நீட்டும்போது மணிக்கட்டில் விழும் முறுக்கு, 10 செ.மீ. தள்ளி 12 கிலோ தொங்கவிட்டதற்குச் சமம். பிடியில் இடம் இருந்தால் 5 செ.மீ. மேலேறிப் பிடியுங்கள்; அந்த முறுக்கில் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். புதுக் கட்டை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இதைத்தான். பிடியில் வார்னிஷ் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடுங்கள். வியர்வை பட்டால் வழுக்கும்.

கெட்டில்பெல் நாளில் முதலில் 15 பஸ்கி (உட்கார்ந்து எழுவது), கொஞ்சம் தோள் சுழற்சி. பிறகு இரண்டு கை ஸ்விங் 10 தடவை, ஒரு நிமிடம் ஓய்வு. இப்படிப் பத்துச் சுற்று. பெரும்பாலானோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். உட்கார்ந்து எழுந்து, கையால் குண்டைத் தூக்குகிறார்கள். ஸ்விங் என்பது இடுப்பின் வேலை. சுவருக்கு ஓரடி முன்னால் முதுகு காட்டி நின்று, முழங்காலை லேசாக மடக்கி, பின்புறத்தால் சுவரைத் தொட்டுப் பழகுங்கள்; அதே அசைவுதான். குண்டு பின்னால் போகும்போது முன்கை உள்தொடையில் பட வேண்டும், குண்டு முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. மேலே நெஞ்சு உயரம் போதும்.

அது முடிந்ததும், குண்டை நெஞ்சோடு அணைத்து 8 பஸ்கி, மூன்று சுற்று. கைக்கு ஐந்தாக மூன்று சுற்று தலைக்கு மேல் தூக்குவது. கடைசியில் பேண்டை நெஞ்சு உயரத்தில் உறுதியான கம்பியில் மாட்டிப் பின்னால் இழுப்பது, 15 வீதம் மூன்று சுற்று. விரலால் பிடிக்காமல் வளையத்தை முழங்கைக்கு மேல் மாட்டி இழுத்தால் முன்கைக்கு ஓய்வு. துருப்பிடித்த ஜன்னல் கம்பியை நம்ப வேண்டாம்.

கட்டை நாளில் முதலில் தண்டால் 8 வீதம் ஐந்து சுற்று. பிறகு தலையைச் சுற்றிக் கட்டை, கைக்குப் பத்து, ஐந்து சுற்று. பலம் குறைந்த கையில் தொடங்குங்கள். கட்டை முதுகுக்குப் பின்னால் தொங்கும்போது முழங்கை மேலே பார்க்க வேண்டும். முழங்கை இறங்கினால் கட்டை முதுகில் இடிக்கும். அந்த நேரத்தில் இடுப்பு முன்னால் வளைகிறதா என்றும் பாருங்கள். பின்புறத்தை இறுக்கினால் சரியாகும். சீலிங் ஃபேனுக்குக் கீழே இதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல!

இந்த மூன்றிலும் கிடைக்காத ஒன்று, பிடியே இல்லாத பாரத்தைத் தரையிலிருந்து தூக்குவது. நம் பக்கத்துக் கிராமங்களின் இளவட்டக்கல் அந்த வேலையைத்தான் செய்கிறது. வலி நின்ற பிறகு, பாலித்தீன் பையில் 20 கிலோ மணலைக் கட்டி, அதை 25 கிலோ அரிசிச் சாக்குக்குள் போட்டுத் தைத்துக்கொள்ளுங்கள். தொடைக்கு, நெஞ்சுக்கு, தோளுக்கு என்று ஏற்றி இறக்குங்கள். புதன்கிழமை கடைசியில் ஆறு தடவை போதும்.

16 கிலோவிலிருந்து 24 கிலோவுக்குத் தாவுவது ஒரேயடியாகப் பாதி கூடுவது. அதற்கு முன் ஓய்வை 45 நொடியாக்குங்கள், அடுத்து ஒற்றைக்கை ஸ்விங்குக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம், அதற்கு மேல் வேண்டாம்.

இப்போதைக்குக் கட்டையை இரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள், ஸ்விங்கையும் பாதியாக்குங்கள். அப்படியும் வலி குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

மாடியில் தட்டோடு பதித்திருந்தால் குண்டை வெறும் தரையில் வைக்காதீர்கள். ஓடு விரிசல் விட்டு ஐப்பசி மழையில் கீழே ஒழுகும். பழைய கார் டயரைப் போட்டு அதன்மேல் இறக்குங்கள். பேண்டை மாடியிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது. சித்திரை வெயிலில் ரப்பரில் மயிரிழை வெடிப்பு வரும், ஒருநாள் இழுக்கும்போது அறுந்து முகத்தில் அடிக்கும். வெடிப்பு தெரிந்த அன்றே குப்பையில் போடுங்கள், முடிச்சுப் போட்டு ஓட்ட வேண்டாம்.