வரைபட மேசை: வாசகர் கேள்விகள்

நகரமைப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு, வரைபடத்தில் வண்ணம் தீட்டியே பணிக்காலத்தைக் கழித்த ஓய்வுபெற்ற நகரமைப்பாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: முப்பது வருடத்துக்கு மாஸ்டர் பிளான் போடுகிறார்கள். ஐந்தே வருடத்தில் ஊர் ஆளே தெரியாமல் மாறிவிடுகிறது. இது வீண் வேலைதானே?

பாதி வீண்தான். எந்த மனையில் கடை வரும், எதில் வீடு வரும் என்று முப்பது வருடத்துக்கு முன்பே சொல்வது ஜோசியம். குடியிருப்பு என்று நான் மஞ்சள் தீட்டிய இடங்களில் பட்டறை எழுந்ததை நிறையப் பார்த்துவிட்டேன்.

சாலைக்கோடு அப்படியல்ல. 1811ல் நியூயார்க்கில் மூன்று பேர் கொண்ட ஆணையம் மன்ஹாட்டன் தீவின் மேல் 155ஆம் தெரு வரைக்கும் கட்டம் போட்டது. அப்போது ஊரில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. இருந்தவர்களும் பெரும்பாலும் தென்முனையில்தான். அதன் பிறகு கட்டடங்கள் எத்தனையோ தடவை இடிந்து எழுந்துவிட்டன. தெருக்கள் பெரும்பாலும் போட்ட இடத்திலேயே இருக்கின்றன.

இன்னும் நல்ல பாடம் பார்சிலோனா. பழைய நகரின் நெரிசலில் தொழிலாளர்கள் எப்படிச் சீக்கிரம் சாகிறார்கள் என்று கணக்கெடுத்துக் காட்டிய பொறியாளர் இல்தெஃபோன்ஸ் செர்தா, 1859ல் நகரை விரிக்க ஒரு திட்டம் வரைந்தார். பக்கத்துக்கு 113 மீட்டர் கொண்ட சதுரங்கள், முனை வெட்டிய மூலைகள், 20 மீட்டர் அகலத் தெருக்கள். ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு பக்கம் மட்டுமே கட்டடம், மிச்சம் தோட்டம். பணக்காரருக்கும் தொழிலாளிக்கும் ஒரே காற்று, ஒரே வெளிச்சம்.

தெருக்கள் வரைந்தபடி வந்தன. தோட்டங்கள் வரவில்லை. நிலக்காரர்கள் நான்கு பக்கமும் கட்டி, நடுவையும் நிரப்பினார்கள். தெரு பொது நிலம். தோட்டமோ தனியார் நிலத்தின் மேல் போட்ட நிபந்தனை. நிபந்தனையை ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொள்ளலாம், நிலத்தை அப்படிச் செய்வது கஷ்டம். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நான் பதில் எழுதவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் பகுதிக்கு ரயில் வரப்போகிறது என்றார்கள், சந்தோஷப்பட்டோம். உடனே வாடகை ஏறியது. ஏழைகளுக்கென்று வரும் வசதி ஏழைகளையே விரட்டுமா?

விரட்டும். அதற்கு ரயில் ஓடக்கூட வேண்டாம், அறிவிப்பே போதும். விலையை ஏற்றியது வரிப்பணம். அந்த ஏற்றத்தை எடுத்துக்கொள்பவர் நிலம் வைத்திருப்பவர். வாடகைக்கு இருப்பவர் வரியும் கட்டுகிறார், கூடுதல் வாடகையும் கட்டுகிறார், கடைசியில் மூட்டையும் கட்டுகிறார்.

இந்த ஏற்றத்தை அரசு திரும்பப் பிடிக்க வழி இருக்கிறது. ஹாங்காங்கில் நிலையங்களின் மேலும் அருகிலும் கட்டும் உரிமை ரயில் நிறுவனத்துக்குப் போகிறது. ரயில் வராதிருந்தால் அந்த நிலத்துக்கு என்ன விலையோ, அதை அரசுக்குக் கட்டினால் போதும். கட்டுமான நிறுவனங்களோடு இலாபத்தைப் பங்குபோட்டு, அந்தப் பணத்தில் பாதை போடுகிறார்கள். கூட்டங்களில் இந்த உதாரணத்தைச் சொல்லாத ஆலோசகரே இல்லை. ஆனால் அதே ஹாங்காங்கில்தான் வீட்டு விலை உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. பொது வீடுகளுக்கு ஆண்டுக்கணக்கில் வரிசை. ரயிலுக்குக் காசு கிடைத்தது, அவ்வளவுதான். அந்தக் காசு யாருக்கு வீடாகிறது என்பது தனிக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு வியன்னா பதில் சொல்லியிருக்கிறது. 1923ல் வீட்டுவசதிக்கென்றே ஒரு வரி போட்டார்கள். ஆடம்பர வீட்டுக்குப் பல மடங்கு, சின்ன வீட்டுக்குச் சொற்பம். 1934க்குள் நகராட்சியே 60,000க்கு மேல் வீடுகள் கட்டிவிட்டது. அந்த வருடம் உள்நாட்டுச் சண்டையில் அவற்றில் பேர்பெற்ற கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மீது ராணுவம் பீரங்கியால் சுட்டது. ஒரு குடியிருப்பு வளாகம் அத்தனை அரசியலாகவும் இருக்க முடியும். 1984ல் முன்கூட்டியே நிலம் வாங்கிப்போடுவதற்காக ஒரு நிதியம் தொடங்கினார்கள். 2018ல் கட்டட விதியைத் திருத்தி, குடியிருப்புக்கென்று புதிதாக வகை மாற்றும் பெரிய நிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளாக இருக்க வேண்டும் என்றார்கள். இன்று அந்நகரில் ஏறக்குறைய பாதிப்பேர் நகராட்சி வீட்டிலோ மானிய வீட்டிலோ இருக்கிறார்கள்.

வரிசையைக் கவனியுங்கள்: முதலில் அரசு நிலத்தைக் கையில் எடுக்க வேண்டும், அப்புறம்தான் ரயில் அறிவிப்பு. தலைகீழாகச் செய்துவிட்டு, ‘குறைந்த விலை வீடு’ என்று எத்தனை பக்கம் எழுதினாலும் அது அச்சுச் செலவுதான்.

கேள்வி: சிங்கப்பூரைப் போலச் செய்துவிட வேண்டியதுதானே?

எதைப் போல? அங்கே சுமார் 80 சதவீதம் பேர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். வாரியம் 1960ல் வந்தது. ஆனால் அதற்கு உயிர் கொடுத்தது 1966ன் நிலக் கையகச் சட்டம். 1973ல் அதைத் திருத்தி, இழப்பீட்டை அந்த வருட விலையோடு கட்டிப்போட்டார்கள். சந்தை எவ்வளவு ஏறினாலும் பழைய விலைதான். எந்த வருட விலை என்ற அந்த ஆண்டைப் பிற்பாடு தள்ளிக்கொண்டே போனாலும், முழுச் சந்தை விலை தருவது என்று 2007ல்தான் முடிவானது. அடுக்குமாடிகளின் படம் எல்லாருக்கும் பிடிக்கிறது, இந்தச் சட்டத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த விலையைச் சின்ன நிலக்காரர்களும் கொடுத்தார்கள். வீடுகளும் 99 வருடக் குத்தகைதான்.

கேள்வி: ஊருக்கு வெளியே நல்ல அடுக்குமாடி இலவசமாகக் கொடுத்தாலும் குடிசைவாசிகள் போக மறுக்கிறார்கள். பிடிவாதம்தானே?

கணக்கு. விடியற்காலை நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவருக்கு வேலை இருக்கும் இடம்தான் சொத்து. முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், அவர் ஏன் மறுக்கிறார் என்பது தெரிந்துவிடும். 1960களில் ரியோ டி ஜெனீரோவில் நகர நடுவிலிருந்த குடிசைகளைக் காலிசெய்து, தூர மேற்கில் விலா கென்னடி போன்ற குடியிருப்புகளுக்கு மக்களை அனுப்பினார்கள். சுவர் கிடைத்தது, வேலை தொலைந்தது.

அதே பிரேசிலில் ரெசீஃபி நகரம் 1983ல் வேறு மாதிரி யோசித்தது. குடிசைப் பகுதிகளை, இருக்கும் இடத்திலேயே, ஏழைகள் வசிப்பதற்கான சிறப்பு மண்டலங்களாக நிலப் பயன்பாட்டுச் சட்டத்தில் சேர்த்தது. அக்கம்பக்கத்து மனைகளை வாங்கிச் சேர்த்துக் கோபுரம் எழுப்ப முடியாதபடி மனை அளவுக்கு வரம்பும் பின்னால் வந்தது. 2001ல் நாடு முழுமைக்குமான நகரச் சட்டத்தில் இந்த யோசனை ஏறிவிட்டது. கோளாறில்லாத ஏற்பாடு இல்லை. மண்டலம் என்று எழுதிவிட்டுச் சாக்கடை போட மறந்த இடங்களும் உண்டு. இருந்தாலும் குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா என்று மட்டுமே தெரிந்த வரைபடத்தில் ‘இங்கே ஏழைகள் இருப்பார்கள்’ என்று ஒரு நிறம் வந்தது எங்கள் தொழிலில் பெரிய விஷயம்.

கேள்வி: நகரத்தைச் சுற்றிக் கட்டடம் கட்டக்கூடாத பச்சை வளையம் போட்டு வளர்ச்சியை நிறுத்திவிட்டால்?

நிற்காது, தாண்டிக் குதிக்கும். லண்டனின் வளையத்துக்கு அப்பாலிருந்து தினமும் ரயிலேறி வருகிறவர்களைக் கேளுங்கள். கோபன்ஹேகன் 1947ல் வளையத்துக்குப் பதிலாக விரல்களை வரைந்தது: ரயில் பாதையையொட்டி ஊர், விரல்களுக்கு நடுவே பசுமை. 2007லிருந்து அங்கே 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகம் பொதுவாக நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் வர வேண்டும். எனக்கு விரல்தான் பிடிக்கும்.

கேள்வி: கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய்ப் பயனுண்டா?

சொந்த வீட்டுக்காரர்கள் தவறாமல் வருகிறார்கள், அதனால் நீங்களும் போங்கள். பதினைந்து வருடம் கழித்துக் குடிவரப்போகிறவர் வர மாட்டார், வாடகைக்காரர் வேலையில் இருப்பார். அமெரிக்காவின் மினியாபொலிஸ் 2018ல், தனி வீடு மட்டுமே கட்டலாம் என்றிருந்த மனைகளில் மூன்று வீடுவரை அனுமதித்தபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன.

போனால் சுவரில் மாட்டிய வண்ணப்படத்தின் முன் நிற்காதீர்கள். அதை அழகாகத் தீட்டுவதற்கென்றே ஆள் இருக்கிறோம். பின்னிணைப்பில் செலவு அட்டவணை இருக்கும். எந்த வேலை எந்த வருடம், பணம் எங்கிருந்து என்று பாருங்கள். உங்கள் பக்கத்துக் குடிநீர்க் குழாய் கடைசிக் கட்டத்தில் இருந்தால் அது வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொது நிலம் எவ்வளவு இருக்கிறது, அதில் எதை விற்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். ஆட்சேபத்தை வாயால் சொல்லிவிட்டு வராமல், சர்வே எண்ணோடு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.