ஸ்லாட் கார் டிரேக் பந்தயம்: வந்தவர்கள் மறுபடியும் வர என்ன செய்யலாம்?

கேள்வி: கெடா மாநிலத்தின் பீடோங் அருகே, தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறேன். நானும் மூன்று நண்பர்களும் 1/24 அளவு ஸ்லாட் கார்களை, அதாவது தடத்தில் வெட்டிய காடி என்னும் நீண்ட பள்ளத்தின் வழியே மின்சாரத்தில் ஓடும் சிறு கார்களை, வைத்திருக்கிறோம். ஏறத்தாழ 60 அடி நீளமுள்ள பழைய தோட்ட மண்டபத்தைப் பயன்படுத்த அனுமதி உண்டு. ஒருமுறை கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தடத்தை நீட்டி, இளைஞர்களை அழைத்து, இரண்டு கார்கள் நேர்கோட்டில் மோதும் டிரேக் பந்தயம் நடத்தினோம். ஆர்வத்துடன் வந்தவர்கள் மறுமுறை எட்டிப் பார்க்கவில்லை. தடத்தை முறையாக எப்படி அமைப்பது? புதியவர்களை எப்படித் தக்கவைப்பது?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தடத்துக்குச் செலவு செய்வதற்கு முன்பே அதற்கு விடை காண வேண்டியிருக்கிறது. நீங்கள் நால்வரும் பல மாதங்களாகச் சீர்செய்து வைத்திருக்கும் கார்களோடு, அன்றுதான் காரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரைக் கையில் பிடித்த ஓர் இளைஞர் மோதினால், அவர் ஒவ்வொரு சுற்றிலும் தோற்பார். டிரேக் ஓட்டம் ஓரிரு விநாடிகளில் முடிந்துவிடுவதால், ஓட்டத்தின் நடுவே எதையாவது கற்றுக்கொண்டு மீள்வதற்கும் வாய்ப்பில்லை. தோற்பதற்காக மட்டும் யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

இதற்கு உண்மையான டிரேக் பந்தயக்காரர்கள் வெகுகாலத்துக்கு முன்பே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பிராக்கெட் ரேசிங் எனப்படும் அந்த முறையில், தம் கார் எத்தனை விநாடியில் எல்லையைத் தொடும் என்பதை ஓட்டுநரே முன்கூட்டி அறிவிக்கிறார். இருவரின் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு முன்னதாக மெதுவான காருக்குப் பச்சை விளக்கு எரியும். அறிவித்ததைவிட வேகமாக ஓடினால் அது மீறல். அந்தச் சுற்று எதிராளிக்குப் போகும். இருவருமே மீறினால் குறைவாக மீறியவர் வெல்வார். பச்சை எரியும் முன் புறப்பட்டவருக்குச் சிவப்பு விளக்கு, அவர் தோற்றவராகிறார்.

ஓர் உதாரணம் பாருங்கள். புதியவர் 1.40 விநாடி என்றும், நீங்கள் 0.90 விநாடி என்றும் அறிவிக்கிறீர்கள். அவருக்கு அரை விநாடி முன்னதாகப் பச்சை கிடைக்கிறது. அவர் 0.20 விநாடியில் விசையை அழுத்தி, 1.42 விநாடியில் ஓடி முடித்தால், மொத்தம் 1.62. நீங்கள் 0.25 விநாடி தாமதித்து 0.93 விநாடியில் ஓடினால், அரை விநாடிக் காத்திருப்பையும் சேர்த்து 1.68 ஆகிறது. உங்கள் கார் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் வெற்றி அவருக்கே. இங்கே சோதிக்கப்படுவது விழிப்பும், கார் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓடும் தன்மையுமே என்பதால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் தோட்டப் பட்டறையில் ஓய்வு பெற்ற ஃபோர்மேனும் சமமாக மோத முடிகிறது. போட்டிக்கு முன் ஒவ்வொருவருக்கும் மூன்று சோதனை ஓட்டங்கள் கொடுங்கள். அறிவிக்க வேண்டிய நேரத்தை அவரே கணித்துக்கொள்வார்.

அடுத்தது, இரவல் கார்கள். ஒரே வகை மோட்டார், ஒரே பல்சக்கர விகிதம், ஒரே டயர் கொண்ட நான்கு அல்லது ஆறு கார்களைக் குழுவின் சொத்தாக வைத்து, மோட்டாரைத் திறக்கக்கூடாது என்று விதி செய்யுங்கள். முதல் நாளிலேயே ஒருவரைக் கார் வாங்கச் சொல்வது அவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குச் சமம். உங்கள் ஊரிலும் 1990களில் டமியா மினி கார் ஓட்டிய அண்ணன்மார் இருக்கக்கூடும். அவர்களைத் தேடிப் பிடியுங்கள். மோட்டார், பல்சக்கரம், டயர் பற்றி அவர்களுக்கு அடிப்படையிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்காது. ஆனால் அந்தக் கார்களின் மோட்டார் இரண்டு பேட்டரிகளில், அதாவது 3 வோல்ட்டில், ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ஸ்லாட் தடத்தின் 12 வோல்ட்டில் அதைப் பொருத்தினால் விரைவில் கருகிவிடும்.

இனித் தடம். உண்மையான டிரேக் பந்தயத்தின் வழக்கமான தூரமான கால் மைல் என்பது 1,320 அடி. 1/24 அளவில் அது 55 அடி. கார் நிற்பதற்கும் ஓடி அடங்குவதற்கும் மேலும் இடம் தேவைப்படுவதால், உங்கள் மண்டபத்தில் அது அடங்காது. ஆகவே அரைக்கால் மைல், அதாவது 27.5 அடி, போதும் என்பது என் கருத்து. 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகைகள் மூன்றை வாங்கி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாக அறுத்தால், 2 அடி அகலத்தில் 48 அடி நீளம் கிடைக்கும். புறப்படும் இடத்துக்கு 2 அடி போக, ஓடி அடங்குவதற்கு 18.5 அடி மிஞ்சும். பலகை 15 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமும் 9 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட காடிகளை, காருக்கு ஒன்றாக இரண்டு, ரௌட்டர் இயந்திரத்தால் வெட்டி, ஒவ்வொன்றின் இருபுறமும் செம்புப் பட்டை ஒட்ட வேண்டும். விலை குறைவு என்பதற்காக, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் அதன் வெட்டுமுகம் ஊதி, காடி இறுகி, காரின் வழிகாட்டி முனையைக் கவ்விப் பிடிக்கும். பிளைவுட்டாக இருந்தாலும் காடியின் உட்புறம்வரை சாயம் பூசிவிடுங்கள்.

கார்கள் ஓடி அடங்கும் பகுதியில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் செம்புப் பட்டைகளைத் துண்டித்து, அதற்கு அப்பாலுள்ள இரு பட்டைகளையும் ஒரு கம்பியால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், சுழலும் மோட்டாரே மின்னாக்கியாக மாறித் தன்னைத்தானே பிடித்து நிறுத்தும். துண்டித்த இடைவெளி, காரின் அடியில் பட்டையைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் செம்புப் பின்னலைவிட நீளமாக இருக்க வேண்டும். 2 அங்குலம் விடுங்கள். இல்லையேல் பின்னல் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொட்டு மின்சுற்றைக் குறுக்கிவிடும். கடைசியில் ஒரு தடித்த ஸ்பாஞ்சும் வையுங்கள்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் கார் பேட்டரி ஏற்றது. இரு மோட்டார்களும் ஒரே கணத்தில் இழுக்கும்போது சிறிய அடாப்டரின் வோல்ட்டேஜ் சரிந்து, ஒருவரின் புறப்பாடு மற்றவரின் ஓட்டத்தைக் கெடுக்கும். இரு தடத்துக்கும் ஒரே பேட்டரியிலிருந்து இணைப்புக் கொடுத்து, பலகைகள் சேரும் ஒவ்வோர் இடத்திலும் தடித்த கம்பியால் மின்சாரத்தை மறுபடி ஊட்டுங்கள்; மெல்லிய பட்டையின் வழியே மட்டும் அது போனால் தொலைவில் வோல்ட்டேஜ் குறையும். ஒவ்வொரு தடத்துக்கும் பேட்டரியின் அருகிலேயே தனி ஃபியூஸ் கட்டாயம். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவரும். எனவே அதைக் காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நேரம் கணிக்கும் கருவியை விலைகொடுத்து வாங்கலாம். ஆனால் ஆர்டுவினோ எனப்படும், நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு மின்னணுப் பலகை ஒன்று, இரு தடத்துக்குமாக நான்கு ஒளியுணரிகள், சில எல்.இ.டி. விளக்குகள் இருந்தால், இடைநிலைப்பள்ளியில் ரேகா பெந்துக் டான் தெக்னோலோகி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடம் படிக்கும் மாணவர்களிடமே அதை ஒப்படைக்கலாம். மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் எரிந்து, அடுத்த அரை விநாடியில் பச்சை வரவேண்டும். இது பணத்தை மிச்சப்படுத்துவதைவிட முக்கியமான ஒரு காரியத்தைச் செய்கிறது: கார் ஓட்டுவதில் நாட்டமில்லாத பிள்ளைகளும் குழுவுக்குள் வந்துவிடுகிறார்கள். சன்னல் வெயில் உணரிகளைக் குழப்பும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டச் சொல்லுங்கள்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக: ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் ஒட்டுநாடாவின் பசையுள்ள பக்கத்தில் உருட்டித் தூசியை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

போட்டி நாளில், ஒரு தோல்வியோடு வெளியேற்றும் முறையைத் தவிருங்கள். மாலை ஐந்து மணிக்கு வந்தவர் ஐந்தே காலுக்கு வீடு திரும்ப நேர்ந்தால் பெற்றோருக்கும் எரிச்சல்தான். எல்லோரும் எல்லோருடனும் மோதட்டும். அல்லது இரண்டாவது தோல்வியில் வெளியேறட்டும். காத்திருப்பவர்களுக்குக் காரை எடுத்துவருவது, புள்ளி எழுதுவது, விளக்கை இயக்குவது போன்ற பொறுப்புகளைச் சுழற்சியில் கொடுங்கள். "டிரேக்" என்று கேட்டதும் பல தாய்மாரின் நினைவுக்கு வருவது நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிள் ஓட்டும் மாட் ரெம்பிட்களே. ஆகவே சுவரொட்டி ஒட்டுவதைவிட, தோட்டக் கோவில் திருவிழாவின்போதோ தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி நாளிலோ ஒரு 16 அடித் துண்டை மேசைமேல் போட்டு அவர்களையே ஓட்டச் செய்யுங்கள்.

கட்டணமாக ஒரு சிறு தொகை வாங்கி, டயருக்கும் ஃபியூஸுக்கும் செலவிடலாம். பணப்பந்தயத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே மண்டபத்துக்குள் விடாதீர்கள். அது நுழைந்த மறுவாரமே பிள்ளைகளைப் பெற்றோர் நிறுத்திவிடுவார்கள், தோட்ட நிர்வாகமும் சாவியைத் திரும்பக் கேட்கும்.