சேலம் பக்கம் இடம்பெயர்ந்தோருக்குச் சின்ன வீடு கட்டினால் எதை முதலில் பார்க்க வேண்டும்?

கூரையை. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் சித்திரை மாத மதியத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் என்ன செய்யும் என்று புரியும். நனைத்த கோணிச்சாக்கைக் கூரைமேல் விரித்துவிட்டுப் பிள்ளையை வேப்ப மர நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன்.

அவசரகால உறைவிடத்துக்கே ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் என்பது பேரிடர் நிவாரணப் பணிக்கான சர்வதேச வழிகாட்டியான ஸ்பியர் கையேட்டின் குறைந்தபட்ச அளவு, அதுவும் சமையலிடம் சேர்க்காமல். ஐந்து பேருக்குக் கிட்டத்தட்ட 190 சதுர அடி. தலைமுறை தாண்டி வாழ்கிற வீட்டுக்கு இது எப்படிப் போதும்? அதனால் 300 சதுர அடிக்குக் குறையவே கூடாது என்பேன்.

சுவருக்கு, சிக்கன வீடுகளுக்குப் பெயர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு நல்லது. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடுவார்கள், கால்வாசி செங்கல் மிச்சமாகும், உள்ளே இருக்கும் காற்று வெயிலையும் தடுக்கும். மேலே கான்கிரீட்டுக்கு நடுவே பழைய ஓடு வைத்த தளம், அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு. நீளச் சுவர்கள் வடக்கு, தெற்கு பார்க்கட்டும். 300 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 280 லிட்டர், தொட்டி வைக்காமல் விடாதீர்கள்.

ஏற்காடு என்றால் கதை வேறு. அங்கே பனிமூட்டமும் ஈரமும்தான் பிரச்சினை, சரிவான ஓட்டுக்கூரையும் உயரமான அஸ்திவாரமும் வேண்டும்.

அப்புறம், வரைபடம் போடும் முன் அந்த வீட்டுப் பெண்களிடம் அடுப்பு எங்கே, திண்ணை எங்கே என்று கேளுங்கள்.