மழையில் காலியாகும் பெட்டி, மாசியில் பிரியும் கூட்டம்

கேள்வி: கடலூரை அடுத்த கடலோர ஊர் எங்களுடையது. தென்னந்தோப்பில் வைத்திருந்த இரண்டு தேனீப் பெட்டிகளில் ஒன்று கார்த்திகை மழையில் முழுவதும் காலியாகிவிட்டது. மற்றொன்றிலிருந்து மாசியில் பாதிக் கூட்டம் கிளம்பி வேப்பங்கிளையில் தொங்கியது. ராணியின் சிறகை வெட்டினால் நின்றுவிடுமா?

பதில்: சிறகை வெட்ட வேண்டாம். பறக்க முடியாத ராணி வாசலில் விழுந்து எறும்புக்கு இரையாகும். கூட்டம் கிளம்பிய காரணமோ அப்படியே இருக்கும். நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள். கார்த்திகையில் நடந்தது பசியால் ஓடியது. மாசியில் நடந்தது செழிப்பால் பிரிந்தது.

காலியான பெட்டியின் அடைகளைப் பாருங்கள். தேனும் மகரந்தமும் புழுவும் இல்லாமல் காய்ந்து, மெழுகுப்பூச்சியின் நூலாம்படை படர்ந்திருந்தால் அது பட்டினிக் கூடு. ஐப்பசி தொடங்கி வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்யும்போது தேனீ வெளியே போக முடியாது. தென்னம்பாளையில் கிடைக்கும் மகரந்தமும் நனைந்துவிடும். ஊரைச் சுற்றிச் சவுக்குத் தோப்பு பசுமையாக நிற்பதைக் கண்டு தீவனம் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. காற்றின் மூலம் மகரந்தச் சேர்க்கை நடக்கும் அந்த மரத்தில் தேன் சுரப்பதில்லை.

ஆகவே, ஆடிக்குப் பிறகு தேன் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். புரட்டாசியிலேயே, தேனீக்கள் மூடி உட்காராத வெற்று அடைகளை அகற்றுங்கள். சர்க்கரையையும் கொதித்து ஆறிய நீரையும் சம அளவில் கலந்து, கொட்டாங்கச்சியில் ஊற்றி, தேனீ மூழ்காதபடி வைக்கோல் துணுக்குகளை மிதக்கவிட்டு, அந்தி சாய்ந்த பின் பெட்டிக்குள் வையுங்கள். பகலில் வெளியே சிந்தினால் அடுத்த கூட்டம் கொள்ளையடிக்க வரும். பெட்டியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தி, வாசலை வடகிழக்குக் காற்று நேராக அடிக்காதபடி திருப்பிவிடுங்கள்.

தை, மாசியில் முந்திரிக் கொல்லைகள் பூக்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் இம்மாவட்டத்து முந்திரி மரங்கள் பெருமளவில் சாய்ந்ததை நாம் மறக்க முடியாது. ஒரே பயிரை நம்பாமல் வேலியோரம் முருங்கையும் புங்கமும் வைக்கச் சொல்வது அதனால்தான். பூ வரத்து பெருகும்போது ராணி வேகமாக முட்டையிடும், பெட்டியில் இடம் போதாது, அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலை போல ராணி அறைகள் தொங்கத் தொடங்கும். முட்டையிலிருந்து ராணி வெளிவர ஏறத்தாழ 16 நாட்களே ஆகும். அறை மூடப்படும் சமயத்தில் பழைய ராணி ஒரு பகுதிக் கூட்டத்துடன் கிளம்பிவிடும். எனவே தையிலிருந்து வாரம் ஒருமுறை கீழ்விளிம்பைப் பாருங்கள். ராணி அறை தெரிந்தால் அதை நசுக்குவதைவிட, பழைய ராணியைப் புழு அடைகள் இரண்டு மூன்றுடனும் நிறையத் தேனீக்களுடனும் புதுப் பெட்டிக்கு மாற்றி, பழைய பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் விட்டுவைப்பதே என் பரிந்துரை. தானாகப் பிரிய இருந்த கூட்டத்தை நீங்களே பிரித்ததாக ஆகும்.

அதற்குள் கிளம்பிக் கிளையில் தொங்கினால் அஞ்ச வேண்டாம். வயிறு நிறையத் தேன் குடித்துப் புறப்பட்ட கூட்டம் பொதுவாகச் சாதுவாகவே இருக்கும். ஆனாலும் வலைமுகமூடி அணிந்து, வேவுத் தேனீக்கள் புது இடம் பார்த்து முடிப்பதற்குள், கிளையின் கீழே பெட்டியைப் பிடித்து ஒரே உலுக்கில் உள்ளே விழச் செய்யுங்கள். மற்ற பெட்டியிலிருந்து முட்டையும் புழுவும் உள்ள அடைச் சட்டம் ஒன்றை, ராணி அதில் ஒட்டியிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இதில் வையுங்கள்; புழுவை விட்டு அவை எளிதில் போகமாட்டா. பிறகு நான்கு நாட்களுக்கு மூடியைத் திறக்காதீர்கள்.