நூறு பவுண்டில் ஒரு மணநாள் விருந்துக்கு ஒயின்

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமனார், மாமியாருக்கு நாற்பதாவது மணநாள். வீட்டிலேயே பத்துப் பேருக்கு விருந்து, அதில் ஒயின் குடிப்பவர்கள் எட்டுப் பேர். முதலில் உளுந்து வடையும் மீன் கட்லட்டும், அப்புறம் மட்டன் பிரியாணி, நண்டு மசாலா, எண்ணெய்க் கத்தரிக்காய், முடிவில் பால் பாயசம். மாமியார் சைவம், ஆனால் ஒரு கிளாஸ் எடுத்துக்கொள்வாராம். "கையில் நூறு பவுண்டு இருக்கிறது. ஷாம்பெயின் இல்லாமல் மணநாளா என்கிறார் கணவர். அதை வாங்கினால் சாப்பாட்டோடு குடிக்க ஒன்றும் மிஞ்சாது. என்ன செய்யலாம்?" இதுதான் கேள்வி.

ஷாம்பெயினை விட்டுவிடுங்கள். அதில் இருக்கும் நல்ல விஷயம் பெயரில் இல்லை, செய்முறையில் இருக்கிறது: தயாரான ஒயினோடு கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலை மூடிவிடுகிறார்கள், உள்ளே மறுபடி நொதிக்கும்போது வரும் வாயுவுக்கு வெளியேற வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்துவிடுகிறது, வேலை முடித்த ஈஸ்ட் வண்டலாக அடியில் படிந்து மாதக்கணக்கில் அதோடு கிடப்பதால் சுட்ட ரொட்டி போல ஒரு வாசனை ஏறுகிறது. இதே முறையில்தான் பிரான்ஸின் லுவார், அல்சாஸ், லிமூ பகுதிகளில் கிரெமான் செய்கிறார்கள், ஸ்பெயினில் காவா செய்கிறார்கள். இரண்டுமே குறைந்தது 9 மாதம் அந்த வண்டலோடு இருந்தாக வேண்டும் என்பது விதி. இருபது பவுண்டுக்குக் கீழே விற்கும் ஷாம்பெயினைவிட பன்னிரண்டு பவுண்டு கிரெமான் எனக்கு எப்போதும் பிடித்திருக்கிறது; அந்த விலை ஷாம்பெயின் பெரும்பாலும் இளசாகவும் புளிப்பு தூக்கலாகவும் இருக்கும். இத்தாலியின் குமிழி ஒயினான ப்ரொசெக்கோ வேறு வகை, பெரிய தொட்டியில் நொதிக்க வைப்பது, பேரிக்காய் வாசனையோடு லேசாக இருக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வடைக்கும் கட்லட்டுக்கும் எண்ணெயை அறுத்துப் போகிற புளிப்பு வேண்டும், அது கிரெமானில்தான் அதிகம்.

லேபிளில் 'ப்ரூட்' என்று பார்த்து வாங்குங்கள். 'எக்ஸ்ட்ரா டிரை' என்பதை இன்னும் இனிப்பு குறைந்தது என்று நினைத்துப் பலர் எடுத்துவிடுகிறார்கள், உண்மையில் அது ப்ரூட்டைவிட இனிப்பு: ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை, எக்ஸ்ட்ரா டிரை 12 முதல் 17 கிராம்.

அடுத்தது, சாப்பாட்டோடு குடிக்கும் ஒயின். இங்கே ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் 2025 பிப்ரவரியிலிருந்து எல்லா ஒயினுக்கும் மதுவரியை அதனதன் ஆல்கஹால் அளவை வைத்தே போடுகிறார்கள். அப்போதைய விகிதப்படி 13 சதவீத ஒயின் பாட்டிலுக்கு 2.88 பவுண்டு. 7 பவுண்டு பாட்டிலில் அதையும் வாட் வரி 1.17-ஐயும் கழித்தால் மிச்சம் 3 பவுண்டுக்கும் கீழே, அதில்தான் கடைக்காரர் லாபம், கப்பல் கூலி, கண்ணாடி, கார்க் எல்லாம் போய் கடைசியில் திராட்சைக்கும் ஏதோ கிடைக்க வேண்டும். 10 பவுண்டு பாட்டிலில் அதே கழிவுகளுக்குப் பிறகு 5.45 மிஞ்சுகிறது. விலை மூன்று பவுண்டு ஏறும்போது ஒயினுக்குப் போகிற பணம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதனால் 6 பவுண்டு பாட்டில் பத்து வாங்குவதைவிட 10 பவுண்டு பாட்டில் ஆறு வாங்குங்கள்.

ஆல்கஹால் குறைந்த ஒயினுக்கு வரியும் குறைவு, உங்கள் சமையலுக்கு அதில் இன்னொரு லாபமும் உண்டு. மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் கூட்டிவிடும், சிவப்பு ஒயினின் துவர்ப்பும் கூட்டிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்போடு 14.5 சதவீத ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்தேன். தனியாகக் குடித்தபோது நாவல்பழம் போல நன்றாகத்தான் இருந்தது. குழம்புச் சோறு இரண்டு வாய்க்குப் பிறகு அதே ஒயின் கடுங்காப்பி போலக் கசந்தது, தொண்டை எரிந்தது. மறுவாரம் அதே குழம்போடு ஜெர்மனியின் வெள்ளை ஒயினான மோசல் ரீஸ்லிங், லேபிளில் 'கபினெட்' என்று எழுதியது. 9 சதவீதம்தான், லேசான இனிப்பு, எலுமிச்சைப் புளிப்பு. காரம் அடங்கியது, கறியின் ருசி மேலே வந்தது. 9 சதவீதத்துக்கு மதுவரியும் ஏறக்குறைய 2 பவுண்டுதான், ஆக உங்கள் காசு வரிக்குப் போகாமல் ஒயினுக்கே போகிறது. உங்கள் நண்டு மசாலாவுக்கு இதைத்தான் சொல்வேன். சிவப்புதான் வேண்டும் என்பவர்களுக்கு பிரான்ஸின் பொஜொலே-விலாஜ்: துவர்ப்பு குறைவு, பிரியாணிக்குப் பொருத்தம், குடிக்க அரை மணி நேரம் முன்பு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கிரெமானை நண்டு வரும்போது நீட்ட வேண்டாம், குமிழியும் காரமும் சேர்ந்தால் நாக்கு சுரீரென்னும்.

மாமியார் விஷயத்தில் கவனமாக இருங்கள். ஒயினைத் தெளிய வைக்க சில இடங்களில் மீனின் காற்றுப்பையில் எடுத்த பசை, முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம் போடுவதுண்டு. முட்டையோ பாலோ ஒயினில் மிஞ்சியிருந்தால் லேபிளில் எழுத வேண்டும், மீனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் குடிக்கப்போகும் பாட்டிலில் 'வீகன்' என்று இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள், இப்போது நிறையவே கிடைக்கிறது.

பாயசத்தோடு ப்ரூட் கொடுத்தால் பச்சைப் புளி மாதிரி இருக்கும். அதற்கு மொஸ்காட்டோ டாஸ்டி, இத்தாலி பியெமோன்தேயில் செய்வது, 5 சதவீதத்தை ஒட்டித்தான் ஆல்கஹால், மல்லிகை, பீச் வாசனை, மெல்லிய குமிழி. ஒரு பாட்டில் எட்டுப் பேருக்குச் சின்னச் சின்ன கிளாஸாகப் போதும்.

சரி, கணக்கு. கிரெமான் இரண்டு 24, ரீஸ்லிங் இரண்டு 22, பொஜொலே இரண்டு 20, மொஸ்காட்டோ ஒன்று 9, மொத்தம் 75. மீதியில் மூன்றாவது கிரெமான் ஒன்றும், குடிக்காத இரண்டு பேருக்கு எல்டர்ஃப்ளவர் சோடாவும் வாங்கலாம். ஒரு கிரெமான் பாட்டிலில் 125 மில்லி வீதம் ஆறு கிளாஸ் வரும். ஆறு பாட்டில் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி தரும் வாரங்கள் சூப்பர்மார்க்கெட்டில் அடிக்கடி வரும், விருந்துக்கு நாள் இருந்தால் அதற்காகக் காத்திருங்கள்.

கிரெமானை மூன்று மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறந்துவிட்டால் வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு, அரை மணியில் குளிர்ந்துவிடும். ஃப்ரீசரில் மட்டும் போட்டு மறந்துவிடாதீர்கள், வெடிக்கும். உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், அதனால் கார்க்கைக் கட்டியிருக்கும் கம்பியை ஆறு அரைச்சுற்றுத் தளர்த்திய நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, கார்க்கை இறுக்கிக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். 'ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சோடு வர வேண்டும், 'டப்' என்று தெறித்தால் குமிழியில் பாதி கூரைக்குப் போய்விடும். கிளாஸ்களை முதல் நாளே வெறும் வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். சோப்பு ஒட்டியிருந்தால் நுரை நிற்காது.

மிஞ்சினால் பாட்டில் வாயில் ஸ்பூன் செருகி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. நாலைந்து பவுண்டுக்குப் பிடிமானம் உள்ள மூடி கிடைக்கும், அதைப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் மீந்த வடைக்கும் ஆகும்.