டிவி சீரியல்ல பெண்கள், திருநங்கைகளை எப்படி காட்றாங்கன்னு பிஎச்டி பண்ண ஆசை, வீட்ல சிரிக்கிறாங்க. இதுல எதிர்காலம் இருக்கா?

வீட்ல சிரிக்கிறாங்கன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதுக்காகவே பதில் எழுத உக்காந்துட்டேன். அநேகமா எம்ஏ முடிக்கப் போறீங்க, வீட்ல பிஎட் படி, வாத்தியார் வேலைக்கு டிஆர்பி பரீட்சை எழுதுன்னு நச்சரிப்பாங்க. எங்க வீட்லயும் அதேதான். நான் கொடைக்கானல் கீழ்மலை, பண்ணைக்காடு பக்கம். காபித் தோட்டத்துல கூலிக்குப் போயி என்னைப் படிக்க வச்ச அப்பா, யாராச்சும் கேட்டா "டிவி சம்பந்தமா ஏதோ படிக்குது"ன்னு சொல்லிட்டு பேச்சை மாத்திருவார். எனக்கு இன்னிக்கும் அது வலிக்குது.

இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியான்னு கேக்குறவங்களுக்கு: இயென் ஆங்னு ஒருத்தங்க 80கள்லயே நெதர்லாந்துல ஒரு பெண்கள் பத்திரிகையில விளம்பரம் குடுத்து, டாலஸ்ங்கிற அமெரிக்க சீரியல் பாக்குறவங்ககிட்ட இருந்து வந்த 42 லெட்டரை வச்சே இந்தத் துறையில எல்லாரும் படிக்கிற ஆய்வைப் பண்ணாங்க. பூர்ணிமா மங்கேகர் டெல்லியில தூர்தர்ஷன் பாக்குற பெண்கள் கூட உக்காந்து பேசி எழுதினாங்க.

நான் சீரியல் ஆய்வு பண்ணது கொடைக்கானல் மேல்மலையில, பூம்பாறை பக்கம். பூண்டு எடுக்குற நேரம், ராத்திரி ஒரு வீட்ல அஞ்சாறு பேர் சேர்ந்து தாளோட பூண்டைக் கட்டு கட்டிக்கிட்டே எதிர்நீச்சல் சீரியல் பாப்பாங்க, கை பாட்டுக்கு வேலை செய்யும், கண்ணு டிவியில. அதுல வீட்டுப் பொம்பளைங்களை அதட்டி அடக்குற குணசேகரன் "இந்தாம்மா ஏய்"ன்னு கத்துனதும் எல்லாரும் சிரிச்சாங்க, அப்போ ஒரு அக்கா கட்டுறதை நிறுத்தாமலே "இவன் சத்தத்தையாவது ரிமோட்டுல குறைச்சிரலாம்"னு சொன்னாங்க. பின்னாடி போன் பாத்துக்கிட்டு இருந்த அவங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு வெளிய போயிட்டார். யாரும் ஒண்ணும் பேசல. கேள்வித்தாள் குடுத்து "உங்கள் வீட்டில் வன்முறை உண்டா"ன்னு கேட்டிருந்தா அந்த அக்கா இல்லைன்னுதான் டிக் அடிச்சிருப்பாங்க.

திருநங்கைகள் பத்தி கேட்டிருக்கீங்க. 2008ல விஜய் டிவியில இப்படிக்கு ரோஸ் வந்துச்சு, ரோஸ்ங்கிற திருநங்கையே நடத்துன டாக் ஷோ. அதுல ஒரு துண்டை போன்ல இன்னொரு அம்மாகிட்ட காட்டினேன். "நல்லா பேசுதுல்ல இந்தப் புள்ள"ன்னு மறுபடி போடச் சொன்னாங்க, மூணாவது தடவையும் போடச் சொல்லிட்டு, வீட்டை விட்டுப் போன தன் மூத்த பிள்ளையைப் பத்தி அவங்களாவே பேச ஆரம்பிச்சாங்க. மேற்கொண்டு இங்க எழுத மாட்டேன்.

உடனே சீரியலுக்கு வக்காலத்தான்னு கமெண்ட்ல வராதீங்க. கை நீட்டுற புருஷனை நூறு எபிசோடு கழிச்சு நல்லவனாக்கி மன்னிக்க வைக்கிறதைப் பத்தி என் தீசிஸ்ல தனி அத்தியாயமே இருக்கு. ஆம்பளைங்களுக்கு எதிரான படிப்பும் இல்ல இது.

வேலை விஷயம். 2023 ஜூலைல இருந்து உதவிப் பேராசிரியர் ஆக நெட் இல்லனா செட் தகுதித் தேர்வு போதும், பிஎச்டி கட்டாயம் இல்லைன்னு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) மாத்திருச்சு. அதனால மகளிரியல்லயோ இதழியல்லயோ முதல்ல நெட் எழுதுங்க, அதுல ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வந்தா மாசம் 37,000 ரூபாய், வீட்ல சிரிப்பு தானா அடங்கும். கொடைக்கானல்லயே 1984ல ஆரம்பிச்ச அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கு, பெண்ணா இருந்தா அங்கயும் விசாரிங்க. நிரந்தர வேலை குதிரைக்கொம்புதான், பொய் சொல்ல விரும்பல. நான் ஒரு தனியார் காலேஜ்ல இருக்கேன், மே மாசம் சம்பளம் கிடையாது.

மே மாசம்னதும் இதையும் சொல்லணும். இன்டர்வியூ எல்லாம் மே மாசம்தான் வைப்பாங்க, எங்க மலைக்கு ஊரே கிளம்பி வர்றதும் அப்பதான். ஊத்துங்கிற ஊர்ல நின்னு மலையிறங்குற பஸ்ஸுக்கு காத்துக்கிடந்தேன், பஸ் மேல பெருமாள்மலையிலயே கார்களுக்கு நடுவுல மாட்டிக்கிச்சு, இன்டர்வியூவும் போச்சு. 2024ல வெளியூர் வண்டிகளுக்கு ஈ-பாஸ் வந்துச்சு, ஆனா பஸ்ஸை நம்பி இருக்குற மலைக்காரங்களைப் பத்தி யாரு யோசிக்கிறா?

சரி, உங்க விஷயம். தலைப்பைச் சுருக்குங்க, ஒரு சீரியல், ஒரு ஊர் போதும். பழைய எபிசோடு யூடியூப்ல இருக்குன்னு நம்பி இருக்காதீங்க, திடீர்னு காணாமப் போயிடும், பாக்குறப்பவே தேதியோட குறிப்பெடுங்க. முக்கியமா, தலைப்பைச் சொன்னதும் சிரிக்கிற கைடுகிட்ட சேராதீங்க.