ஒரே பானை பாஸ்தா: காசை எதில் போடலாம்?

கேள்வி: புரட்டாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் சைவம். வேலை முடிந்து வந்ததும் ஒரே பானையில் காய்கறி பாஸ்தா செய்துவிடலாம் என்று பார்க்கிறேன். ஆனால் மலிவாக வாங்கிய பாஸ்தா கூழாகிவிட்டது. பாஸ்தா, நறுக்கிய காய், சாஸ் எல்லாம் சேர்த்து விற்கும் பெட்டியை வாங்கலாமா? (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: பெட்டி வேண்டாம். அதில் நீங்கள் காசு கொடுப்பது நறுக்கித் தரும் வேலைக்கும் அட்டைக்கும்தான்.

கூழானதற்குக் காரணம் பெரும்பாலும் மாவு. பொட்டலத்தின் பின்பக்கம் 'டியூரம் கோதுமை' (பாஸ்தாவுக்கு ஏற்ற கெட்டியான கோதுமை வகை) என்று இருக்கிறதா பாருங்கள். சாதாரண ரொட்டிக் கோதுமையில் செய்தது சீக்கிரம் குழையும். வடித்துக் கொட்டும் சமையலில் மாவுத்தண்ணீரோடு பாதிக் குறை போய்விடும். ஒரே பானையில் அந்தத் தண்ணீரே குழம்பாக நிற்பதால் மறைக்க வழியில்லை. அதனால் கூடுதல் காசு கொடுப்பதென்றால் பாஸ்தாவுக்குக் கொடுங்கள், மற்றதில் மிச்சம் பிடிக்கலாம்.

எப்படி என்றால், இங்கே தென்னாப்பிரிக்காவில் பச்சைக் காய்கறிக்கும் சமையல் எண்ணெய்க்கும் வாட் வரி கிடையாது. டின் தக்காளிக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் 15 சதவீதம் உண்டு. புதுத் தக்காளியும் சூரியகாந்தி எண்ணெயும் போதும், ருசி குறையாது. புரட்டாசி நமக்கு வசந்த காலம். பட்டாணி, பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் கிடைக்கும். வெள்ளி, சனிக்கிழமைகளில் உங்கள் சாட்ஸ்வொர்த்தில் உள்ள பங்களாதேஷ் சந்தைக்கு ஒரு நடை போய்வாருங்கள். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் தட்டில் கட்டி வைத்ததை வாங்கினால், கிலோவுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

செய்முறை எளிது. எண்ணெயில் வெங்காயம், பூண்டு, ஒரு பச்சை மிளகாய் வதக்கி, தக்காளி போட்டுக் குழைய விடுங்கள். கேரட்டும் பீன்ஸும் சேருங்கள். 250 கிராம் பென்னேக்கு (குழல் வடிவப் பாஸ்தா) முக்கால் லிட்டர் கொதிநீர். மூடாமல் கிளறிக்கொண்டே 10 முதல் 12 நிமிடம் வேகவிட்டு, பட்டாணியைக் கடைசி 3 நிமிடத்தில் போடுங்கள். உப்பில் மட்டும் கை அடக்கம் வேண்டும். தண்ணீரை வடிக்கப் போவதில்லை, போட்டதெல்லாம் தட்டுக்கு வந்துவிடும்.

சைவம் என்றீர்களே, அதனால் ஒன்று. பார்மேசன் சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் வைத்து உறைய வைக்கிறார்கள். துருவிப் போட ஆசையாக இருந்தால் 'சைவம்' என்று அச்சிட்ட வேறு சீஸ் பார்த்து வாங்குங்கள். சில பாஸ்தாவில் முட்டையும் இருக்கும். முட்டை சேர்ந்திருந்தால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும் என்பது இங்குள்ள சட்டம், எனவே படித்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: போன வாரம் வாங்கிய பாஸ்தாவைப் பிரித்தால் உள்ளே வண்டு. பிரித்த பொட்டலத்தைத் திருப்பி எடுக்க முடியாது என்கிறார் கடைக்காரர். (வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்)

பதில்: எடுத்துத்தான் ஆக வேண்டும். பிரிக்காமல் வண்டு எப்படித் தெரியும்? 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம். மாற்றுப் பொருளா, பணமா என்பது உங்கள் விருப்பம், கடைக்காரர் விருப்பமில்லை. பொட்டலத்தையும் ரசீதையும் கொண்டுபோய் மேலாளரிடம் பேசுங்கள். அப்படியும் மறுத்தால், நுகர்வோர் பொருட்கள், சேவைகளுக்கான ஒம்பட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. போகுமுன் வண்டோடு சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.